ரிப்போர்ட்டெல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லையே டாக்டர்?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று நெஞ்சு வலியைப் பற்றியவை. மூன்றும் நம் கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்தே வந்திருக்கின்றன. முதல் கடிதத்தை எழுதிய பையன் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறான். பெயரையும் பள்ளியையும் எடுத்துவிட்டு, கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 16 வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறேன், வீடு மஞ்சக்குப்பம். ஐந்து மாதமாக இடது பக்க நெஞ்சில் ஊசியால் குத்துவது போல வலி வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் வரும். மூச்சை இழுத்தால் இன்னும் குத்தும், ஒன்றிரண்டு நிமிஷத்தில் போய்விடும். சில நாள் நெஞ்செலும்பு ஓரமாக மந்தமாக நாள் முழுக்க வலிக்கும். போன ஆவணியில் என் பெரிய மாமா (அம்மாவின் அண்ணன்) இறந்துபோனார். 47 வயது. ராத்திரி நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு, வாயுதான் என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுத்தார், விடியற்காலை எழுந்திருக்கவில்லை. சோடா வாங்கி வந்தது நான்தான். எனக்கு இரண்டு டாக்டரிடம் காட்டினார்கள். இ.சி.ஜி., எக்கோ, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். "ஒண்ணும் இல்ல, வாயுதான்" என்றார்கள். மாமாவும் வாயு என்றுதானே நினைத்தார்? இ.சி.ஜி. பேப்பரை ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். ஸ்கேல் வைத்து அளந்தேன், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒரு இடத்தில் 19 மில்லிமீட்டர், இன்னொரு இடத்தில் 22. ஒரே மாதிரி இல்லை. டாக்டர் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாரா? ராத்திரி கழுத்தில் இரண்டு விரல் வைத்து நாடித்துடிப்பை எண்ணுகிறேன், 20, 30 தடவை. அப்பாவை எழுப்பி "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்கிறேன். வாலிபால் ஆடுவதை நிறுத்திவிட்டேன். படிக்கப் பயந்துகொண்டு நடிக்கிறேன் என்கிறார் அம்மா. நான் நடிக்கவில்லை டாக்டர். நிஜமாகவே வலிக்கிறது.

பதில்: தம்பி, நீ நடிக்கவில்லை. உனக்கு வலிக்கிறது, அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஐந்து மாதத்தில் இதை உன்னிடம் யாரும் நேராகச் சொன்னதாகத் தெரியவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்று எங்கள் ஆட்கள் சொல்வது ஆறுதலுக்காகத்தான். ஆனால் அந்தச் சொல் போதாது. "உன் இதயத்தில் கோளாறு இல்லை" என்ற அர்த்தத்தில் டாக்டர் சொல்கிறார், வலியோடு உட்கார்ந்திருப்பவனுக்கோ அது "நீ சொல்றது பொய்" என்றோ "எங்களால கண்டுபிடிக்க முடியல" என்றோதான் காதில் விழும். அப்புறம் வீட்டுக்கு வந்து அவனே கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடுகிறான், கழுத்தில் விரலும் கையில் ஸ்கேலுமாக. அதனால் நான் ஒன்றுமில்லை என்று சொல்லப் போவதில்லை, உன் வலிக்கு என்ன பெயர் என்று சொல்கிறேன்.

உட்கார்ந்திருக்கும்போது ஒரே இடத்தில் ஊசியாகக் குத்தி, மூச்சை இழுத்தால் அதிகமாகி, அரை நிமிஷத்திலிருந்து மூன்று நிமிஷத்துக்குள் வந்த சுவடு தெரியாமல் போகிற வலிக்கு "பிரிகார்டியல் கேட்ச்" என்று பெயர். 1955-ல் மில்லர், டெக்சிடோர் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை எழுதி வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் உன் வயசுக்காரர்களுக்கும்தான் பெரும்பாலும் வரும், வயது ஏற ஏறத் தானாக விட்டுவிடும். விலா எலும்புகளுக்கு இடையில் இருக்கும் தசையோ நரம்போ சீண்டப்படுவதால் வருவதாகக் கருதப்படுகிறது. இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. குனிந்து உட்கார்ந்து போன் பார்க்கும்போதோ எழுதும்போதோ வருகிறதா என்று கவனித்துப் பார். வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக ஒரு முழு மூச்சு இழு, அந்த நொடி சுருக்கென்று இருந்தாலும் பல பேருக்கு அதோடு விட்டுவிடும்.

அந்த மந்தமான வலி வேறு. விலா எலும்பு நேராகப் போய் நெஞ்செலும்பில் ஒட்டுவதில்லை, நடுவில் குருத்தெலும்பு இருக்கிறது. அந்த இணைப்பில் லேசான அழற்சி வந்தால் வாரக் கணக்கில், ஏன், மாதக் கணக்கில்கூட வலிக்கும். இருமல், ஒரே தோளில் தொங்கும் கனமான புத்தகப் பை, புஷ்அப், வாலிபாலில் ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ், இப்படி எதிலிருந்தும் அது ஆரம்பிக்கலாம். என் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளிடம் நான் செய்வது இதுதான்: எங்கே வலிக்கிறது, ஒரு விரலால் காட்டு என்பேன். காட்டிய இடத்தில், நெஞ்செலும்பு ஓரமாக, என் கட்டைவிரலை வைத்து அழுத்துவேன். "ஆ, இதுதான் டாக்டர், இதேதான்!" என்று துள்ளுவார்கள். விரலால் அழுத்தி வரவழைக்க முடிகிற வலி பெரும்பாலும் நெஞ்சுக்கூட்டின் வலிதான், எலும்புக்கு உள்ளே பின்னால் இருக்கும் இதயத்தை என் கட்டைவிரல் எட்டாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அழுத்திப் பார்க்கச் சொல். நீயே தினமும் அழுத்திக்கொண்டிருக்காதே, அதனாலேயே அந்த இடம் புண்ணாகும். வெந்நீர் ஒத்தடம் கொடு, பையை இரண்டு தோளிலும் மாட்டு.

சரி, அந்த இ.சி.ஜி. பேப்பருக்கு வருகிறேன். அளந்தாய் பார், அதைப் படித்துவிட்டு உன் மேல் எனக்கு மரியாதையே வந்தது. அந்தப் பேப்பர் ஒரு நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். 22 மில்லிமீட்டர் என்றால் 0.88 நொடி, அதாவது நிமிஷத்துக்கு 68 துடிப்பு. 19 மில்லிமீட்டர் என்றால் 0.76 நொடி, அதாவது 79 துடிப்பு. இரண்டுமே 60-க்கும் 100-க்கும் நடுவில்தான் இருக்கின்றன. ஏன் ஒரே மாதிரி இல்லை? நீ மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் நிதானமாகும். மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பின் வேலை அது. உன் வயதில் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகவே தெரியும், வயதாக ஆகத்தான் குறையும். இதற்கு "சைனஸ் அரித்மியா" என்று பெயர். பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதே, ஆரோக்கியமான இளம் இதயம் இப்படித்தான் ஓடும். டாக்டர் கவனிக்காமல் விடவில்லை, அதைக் குறையாக எழுத அவருக்குக் காரணம் இல்லை. அப்புறம், அந்த பேப்பரில் அச்சாவது சூட்டினால், நாளாக ஆக அந்தக் கோடுகள் மங்கிவிடும். மங்கினால் அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதே. அதை ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்து அப்பாவின் பீரோவில் மற்ற ரிப்போர்ட்டுகளோடு வைத்துவிடு.

இனி மாமா. உன் கடிதத்தில் ஐந்து மாத வலியை எத்தனையோ வரியில் எழுதியிருக்கிறாய், "சோடா வாங்கி வந்தது நான்தான்" என்பதை மட்டும் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். தம்பி, பெரியவர் ஒருவர் வாங்கி வரச் சொன்னார், நீ வாங்கி வந்தாய். வாயு என்று முடிவு செய்தது நீ இல்லை. சோடாவால் அவர் உயிர் போகவில்லை, மாரடைப்பால் போனது. 47 வயதில் நெஞ்சை அடைக்கிறது என்று ஒருவர் சொன்னால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது அந்த வீட்டில் இருந்த பெரியவர்களுக்கே தோன்றவில்லை, நம் ஊரில் முக்கால்வாசி வீட்டில் தோன்றுவதில்லை. அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. கருமாதி முடிந்ததும் வீட்டில் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போயிருப்பார்கள், நீ இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருப்பாய். அம்மாவிடம் இதைச் சொல். அவர் அண்ணனைப் பறிகொடுத்தவர், இதைக் கேட்டால் நடிப்பு என்று சொல்ல அவருக்கு மனசு வராது.

உனக்கு "வாயு" என்ற வார்த்தை ஏன் ஆறுதல் தரவில்லை என்பதும் இப்போது புரிகிறது, அந்த வார்த்தைதான் மாமாவை வீட்டிலேயே படுக்க வைத்தது. ஆனால் இரண்டு வலியையும் பக்கத்தில் வைத்துப் பார். பெரியவர்களுக்கு வரும் மாரடைப்பு வலி பெரும்பாலும் பாறாங்கல்லை வைத்து அழுத்துவது போல நடு நெஞ்சில் பரவும், தோள், கை, தாடை என்று இறங்கும், வியர்த்துக் கொட்டும், நிமிஷக் கணக்கில் போகாமல் நிற்கும். வருஷக் கணக்காகப் படிந்த கொழுப்பு, பீடி சிகரெட், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் சேர்ந்து ரத்தக் குழாயை அடைத்து வருவது அது. விடலைப் பருவத்தில் நெஞ்சு வலி என்று வருகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட இதயத்தில் காரணம் இருப்பதில்லை, உனக்கு இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்த்தும் ஆயிற்று. ஒன்றே ஒன்று: மாமா 47 வயதில் போனதை அந்த டாக்டர்களிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அடுத்த முறை அப்பாவைச் சொல்லச் சொல். குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருந்தால் அதை டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. மேலே எழுதியது 16 வயதுப் பையனுக்கான பதில், இதை 45 வயது அப்பாவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். நாற்பதைத் தொட்டவருக்கு நெஞ்சு அடைத்தால் சோடா, ஓமத் தண்ணீர், பெருங்காயம் என்று நேரத்தைக் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுவாகவே இருந்தாலும் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரலாம்.

இப்போது பயம். வலி சின்னது, அதன் மேல் பயம் ஏறி உட்கார்ந்து அதைப் பெரிதாக்குகிறது. குத்துகிறது, "மாமா மாதிரி ஆயிடுமோ" என்று தோன்றுகிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, நெஞ்சுத் தசை இறுகுகிறது, இறுகியதால் இன்னும் வலிக்கிறது, கழுத்தில் விரல் வைக்கிறாய், பயந்து எண்ணுவதால் துடிப்பு 100-ஐத் தாண்டுகிறது, அதைப் பார்த்து இன்னும் பயம். ராத்திரியில் வீடு அமைதியாக இருக்கிறது, ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு இல்லை, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், துடிப்பு தலையணை வரை கேட்கும். ஒன்று செய்து பார். இப்போதே உன் இடது கால் கட்டைவிரலை மட்டும் ஒரு நிமிஷம் கவனி. ஏதோ ஊறுவது போல, துடிப்பது போலத் தெரிகிறதா? அது முன்பும் இருந்தது, நீ கவனிக்கவில்லை. ஐந்து மாதமாக நீ இப்படி உன் நெஞ்சைக் கவனித்துக்கொண்டிருக்கிறாய்.

இது போன் வந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்காதே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்கள் பலர் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல் என்று வந்தார்கள், ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் அவர்களைப் பார்த்து 1871-லேயே விரிவாக எழுதினார். போர்க்களத்தில் நின்ற ஆட்கள், அவர்களையும் யாரோ நடிக்கிறார்கள் என்று சொல்லித்தான் இருப்பார்கள். நானும் மருத்துவம் படித்த இரண்டாம் ஆண்டில், ஒவ்வொரு நோயாகப் படிக்கப் படிக்க, கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று விடுதிக் கண்ணாடி முன்னால் நின்று தடவிப் பார்த்தவள்தான். ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? எண்ணுவதை இன்றே அடியோடு நிறுத்து என்று சொன்னால் உன்னால் முடியாது. இன்று எத்தனை தடவை விரல் வைத்தாய் என்று ஒரு நோட்டில் கோடு போடு. விரல் வைக்கத் தோன்றும்போது கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் தள்ளிப் போடு, அந்தப் பத்து நிமிஷத்தில் எழுந்து போய் ஏதாவது செய், குடத்தில் தண்ணீர் பிடி, நாளைக்குப் பையில் புத்தகம் அடுக்கு. பல தடவை பத்து நிமிஷம் ஆவதற்குள் அந்த வேகம் தணிந்திருக்கும். 30 கோடு 20 ஆகும், அப்புறம் 10 ஆகும், நடுவில் ஒரு நாள் மறுபடி 30 ஆனாலும் பரவாயில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் சேர்த்து மட்டும் எப்போதும் அழுத்தாதே, தலை சுற்றிவிடும்.

அப்பாவிடம் கேட்கும் கேள்வியும் இதே வகைதான். அவர் "ஒண்ணும் ஆகாதுடா" என்பார், பத்து நிமிஷம் நிம்மதியாக இருக்கும், மறுபடி கேட்கத் தோன்றும். அதனால் பகலில், பயம் இல்லாத நேரத்தில், அப்பாவோடு உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொள். ராத்திரி நீ எழுப்பினால் அவர் திட்டவும் வேண்டாம், சத்தியம் செய்யவும் வேண்டாம். "இதுக்கு அன்னைக்கே பதில் பேசிட்டோம்ல, வா, தண்ணி குடிச்சிட்டுப் படுப்போம்" என்று சொன்னால் போதும். உனக்கு ஒன்றும் ஆகாது என்று நூற்றுக்கு நூறு யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது, என்னாலும் முடியாது. கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ் ஏறும்போது டிரைவரிடம் அப்படி எழுதி வாங்கிக்கொண்டா ஏறுகிறோம்? அந்த அளவு நிச்சயமின்மையோடுதான் எல்லோரும் இருக்கிறோம். உன் நெஞ்சு விஷயத்திலும் அதைப் பழகத்தான் வேண்டும்.

மூச்சுப் பயிற்சி ஒன்று. மூக்கால் 4 எண்ணும் வரை இழு, 6 எண்ணும் வரை மெதுவாக விடு, ஐந்து நிமிஷம். மூச்சை விடும்போது இதயம் நிதானமாகும் என்று உன் இ.சி.ஜி. பேப்பரிலேயே பார்த்தோமே, விடும் மூச்சை நீட்டுவது அதற்காகத்தான். பயம் வந்த பிறகு மட்டும் செய்தால் பலிக்காது, தினமும் காலையில் செய்து பழகி வைத்துக்கொள். போனை ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூடத்தில் வைத்துவிடு. ஜிம்மில் விழுந்த இளைஞன், டான்ஸ் ஆடும்போது விழுந்த பெண் என்று ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்தால் அடுத்து அதே மாதிரி பத்து வரும், உலகத்தில் எல்லோரும் விழுந்துகொண்டே இருக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வந்து புரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிற பழக்கம் இருந்தால் அதையும் மாற்று, அமிலம் மேலே ஏறி நெஞ்சு கரிக்கும், உனக்கு அதுவும் இதய வலியாகவே தெரியும்.

வாலிபாலுக்குத் திரும்பிப் போ. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆடாமல் இருந்தால் மூன்று மாடி ஏறினாலே இதயம் படபடக்கும், அதையே நோய் என்று நினைப்பாய். டாக்டர் ஆடலாம் என்று சொன்ன பிறகு, முதல் வாரம் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் வேகமாக நட, அடுத்த வாரம் கொஞ்சம் ஓடு, வேண்டுமென்றே மூச்சு வாங்கு. துடிப்பு ஏறட்டும். ஏறிய துடிப்பு உட்கார்ந்த சில நிமிஷத்தில் தானாக இறங்குவதை நீயே பார்க்க வேண்டும், நான் எழுதிச் சொல்வதைவிட அதைத்தான் உன் உடம்பு நம்பும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எதை அலட்சியம் செய்யக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓடும்போதோ ஆடும்போதோ நெஞ்சை அழுத்தி வலி வந்து, நின்றால் குறைந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டு. ஆடும்போது மயங்கி விழுந்தால் அன்றே ஆஸ்பத்திரி. திடீரென்று ஒரு பக்கம் குத்தி மூச்சு வாங்க முடியாமல் போனாலும் அன்றே, ஒல்லியாக உயரமாக இருக்கும் பையன்களுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து இப்படி வருவதுண்டு. காய்ச்சலோடு நெஞ்சு வலியும் மூச்சிரைப்பும், தொண்டை வலிக்குப் பிறகு மூட்டு மூட்டாக வீங்குவது, மயக்கத்தோடு வரும் படபடப்பு, இவையும் காட்ட வேண்டியவை. உன் கடிதத்தில் இவற்றில் ஒன்றுமே இல்லை. இனி புதிதாக இதில் ஏதாவது வந்தால் மட்டும் பரிசோதனை. பழைய வலியே வந்தால் இன்னொரு எக்கோ வேண்டாம், இன்னொரு ரிப்போர்ட் இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் நிம்மதி தரும்.

இதையெல்லாம் செய்தும் ஒரு மாதத்தில் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் கோரிமேடு ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை உன்னைப் போன்ற உடல்நலப் பயத்துக்கு நன்றாகவே கேட்கும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் பேசு. டெலி மனஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்பது போல எப்போதாவது தோன்றினால் ஒரு மாதம் பொறுக்காதே, அன்றே பேசு, அப்பாவிடமும் சொல். பாட்டி யாராவது திருவதிகைக்கு அழைத்துப் போனால் தாராளமாகப் போய் வா. அப்பருக்குச் சூலை நோய் என்ற கடும் வயிற்று வலி தீர்ந்த தலம், அந்தக் குளிர்ந்த பிராகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருவது மனசுக்கு நல்லதே. அங்கே மட்டும் நாடியை எண்ணாதே.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாவது படிக்கிறாள். நாங்கள் முத்தியால்பேட்டை. அரையாண்டுத் தேர்வு ஹாலில் நெஞ்சு அடைக்கிறது என்று மூச்சு வாங்கி, வாயைச் சுற்றி மரத்துப்போய், கை விரல்கள் இழுத்துக்கொண்டுவிட்டன. வலிப்பு என்று சாவியைக் கையில் திணித்தார்களாம். டாக்டர் வலிப்பு இல்லை என்கிறார். மாமியார் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சுற்றிப் போட்டார். அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்துவிட்டது. இதயத்தில் ஏதாவது இருக்குமோ?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அளவுக்கு மீறி மூச்சு வாங்கியதால் வந்ததாகத் தெரிகிறது. பயத்தில் வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும், அதனால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து வேலை செய்யும் விதம் தற்காலிகமாக மாறி நரம்புகள் துடிப்பாகிவிடும், உதடு மரக்கும், விரல்கள் குவிந்து இழுத்துக்கொள்ளும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். மூச்சு சீரானதும் சரியாகிவிடும். காற்று போதவில்லை என்று அவளுக்குத் தோன்றும், உண்மையில் காற்று அதிகமாகப் போயிருக்கிறது. அந்த நேரத்தில் சுற்றி நின்று விசிறாமல் ஒரே ஒருவர் எதிரில் உட்கார்ந்து, "என்னோட சேர்ந்து மெதுவா ஊதும்மா" என்று சொல்லி, சூடான பாலை ஆற்றுவது போல உதட்டைக் குவித்து ஊத வைக்க வேண்டும். சாவி வேண்டாம், பேப்பர் கவரை மூக்கில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய முறையும் வேண்டாம், ஆஸ்துமா போல வேறு கோளாறாக இருந்தால் அது ஆபத்து.

ஆனாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு நம் பக்கம் ரத்தசோகை சகஜம், ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகைதான், அது அதிகமானால் சும்மா நடந்தாலே படபடக்கும், மூச்சு வாங்கும். தைராய்டும் பார்த்துவிடலாம். மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்று நீங்களே கேளுங்கள், அவளாகச் சொல்ல மாட்டாள்.

அப்புறம் இன்னொன்று. மூன்று முறை வந்ததில் இரண்டாவதும் மூன்றாவதும் எங்கே வந்தன என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளியிலா, டியூஷனிலா, வீட்டிலா? அதைக் கேட்க வேண்டும், விசாரணை மாதிரி இல்லாமல். சாயந்தரம் பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திய பிறகு அவளோடு நீங்கள் மட்டும் நடந்து போங்கள், மாமியாரும் தம்பியும் இல்லாமல். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் பேசுவார்கள். மார்க்கு பயமாக இருக்கலாம், தோழிகளோடு சண்டையாக இருக்கலாம், யாராவது தொந்தரவு கொடுப்பதாகவும் இருக்கலாம். அப்படி ஏதாவது சொன்னால் "நீ ஏன் அங்க போன?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குழந்தைகளுக்கான 1098 எண்ணை நினைவில் வையுங்கள். மாமியார் சுற்றிப் போட்டதில் தப்பில்லை, அது அவர் பாசம். அதோடு டாக்டரையும் பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: நான் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். இளவயதில் மாரடைப்பு என்று வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் பலர் பிள்ளையை விளையாட விடாதீர்கள் என்கிறார்கள். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு பையன் தினமும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறான். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது சார், மைதானத்தில் பொறுப்பு உங்களுடையது. விளையாடும்போது ஒரு பிள்ளை விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசையாமல், மூச்சு இல்லாமலோ விட்டு விட்டு இழுத்துக்கொண்டோ இருந்தால், ஒருவரை 108-க்குப் பேச விட்டுவிட்டு நீங்கள் நடு நெஞ்சில் இரண்டு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும் வரை விடாமல் அழுத்துங்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். இது மிக அபூர்வமாக நடப்பது, ஆனாலும் எல்லா ஆசிரியர்களும் ஒரு முறை நேரில் பயிற்சி எடுத்துக்கொண்டால் உங்கள் பயம் பாதியாகும்.

அந்த வேப்பமரத்தடிப் பையனை முதலில் ஒரு டாக்டரிடம் அனுப்புங்கள். ஓடும்போது வலித்ததா, எப்போதாவது மயங்கினானா, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா, இந்த மூன்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினால் டாக்டருக்குப் பெரிய உதவி. டாக்டர் ஆடலாம் என்று சொன்ன பிறகு, பாவம் என்று அவனை ஸ்கோர் எழுத மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் முன்னால் அவனை ஓடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். மற்ற பையன்கள் வருவதற்கு முன்னால் பத்து நிமிஷம் அவனை மட்டும் கூப்பிட்டு, வலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றுகொண்டு, பந்தை அவன் கையில் கொடுத்து சர்வீஸ் போடச் சொல்லுங்கள்.